வி.எம்.எம்.: விளிம்பைத் தீர்மானிப்பது வெளிச்சம்

ஒரே பீஸ்தான். நம் வீடியோ மெஷரிங் மெஷினில் (வி.எம்.எம்., கேமராப் படத்தை வைத்து அளக்கும் கருவி) துளை 5.012 மி.மீ. கஸ்டமரின் இன்ஸ்பெக்ஷன் ரூமில் 5.027. டிராயிங்கில் மேல் எல்லை 5.020. இங்கே பாஸ், அங்கே ரிஜெக்ட். இரண்டு மெஷினுக்கும் தேதி தாண்டாத காலிபரேஷன் சர்டிஃபிகேட் இருக்கிறது. இரண்டு ஆப்பரேட்டர்களும் தங்கள் திரையில் வந்த எண்ணைத்தான் எழுதியிருக்கிறார்கள். அம்பத்தூர், ஓசூர், கோவை என்று சின்ன உதிரிபாகங்கள் செய்யும் ஊர்களில் இந்தத் தகராறு ஓயாமல் நடக்கிறது. பெரும்பாலும் இரண்டு மெஷினிலும் பழுது இருக்காது. ஒன்றில் அடி வெளிச்சம் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான்.

வீடியோ மெஷரிங் மெஷின் பீஸைத் தொடுவதில்லை. கறுப்பிலிருந்து வெள்ளைக்கு மாறும் இடத்தைப் படத்தில் தேடி, அதையே விளிம்பு என்று எடுத்துக்கொள்கிறது. அந்த இடம் திரையின் நடுவிலிருந்து எத்தனை பிக்சல் தள்ளி இருக்கிறது என்பதை, ஸ்டேஜின் (பீஸை வைத்து நகர்த்தும் தட்டின்) அடியில் இருக்கும் ஸ்கேல் காட்டும் எண்ணோடு கூட்டித்தான் நமக்கு அளவு தருகிறது. ஆக ஸ்கேல், பிக்சல், வெளிச்சம் மூன்றில் எது தவறினாலும் அளவு தவறும். ஒவ்வொன்றும் தவறும் விதம் வேறு. அந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால் குறை எங்கே என்று பத்து நிமிடத்தில் பிடித்துவிடலாம். இங்கே சொல்வதெல்லாம் மேசை மேல் வைக்கும் 200×100, 300×200 மி.மீ. ஸ்டேஜ் உள்ள மெஷின்களுக்கானது.

இடமும் மேசையும்

பவர் பிரஸ், கம்ப்ரசர், லிஃப்ட் ஷாஃப்ட் பக்கத்தில் வேண்டாம். வேறு இடமே இல்லையென்றால், பிரஸ் ஓடும்போது ஜூமை உச்சத்தில் வைத்து ஒரு ஸ்லிப் கேஜின் (துல்லியமான அளவுக் கட்டையின்) விளிம்பைத் திரையில் பாருங்கள். விளிம்பு நடுங்கினால் அந்த இடத்தில் அளக்க முடியாது. அதிர்வைத் தடுக்க மெஷின் காலுக்கு அடியில் மெத்தென்ற ரப்பர் ஷீட் போடுவது பலர் செய்யும் தப்பு. ஸ்டேஜ் ஓரத்துக்குப் போகும்போது எடை அந்தப் பக்கம் சாயும், ரப்பர் அமுங்கும், லெவல் போகும். கனமான இரும்புச் சட்டம் போட்ட மேசையே நல்லது. மெஷின் பெரும்பாலும் நூறு கிலோ அளவில் இருக்கும். மேசை அதைப்போல் இரண்டு மடங்கு தாங்க வேண்டும். கம்ப்யூட்டரையும் மானிட்டரையும் வேறு மேசையில் வையுங்கள். ஆப்பரேட்டர் கையை ஊன்றும் மேசையும் மெஷின் நிற்கும் மேசையும் ஒன்றாக இருக்கக் கூடாது.

ஏ.சி. காற்று நேரே மெஷினின் கிரானைட் அடிப்பகுதி மேல் அடிக்கக் கூடாது. ஜன்னல் வெயிலும் ஆகாது. அளவுகளுக்கான உலகப் பொது வெப்பநிலை 20 டிகிரி என்பது ஐ.எஸ்.ஓ. 1 தரநிலை. நம் ஊர் வெயிலில் 20-ஐ நிறுத்தி வைக்கச் செலவு அதிகம் என்பதால் 22, 24 என்று வைத்திருக்கும் அறைகள் நிறைய. அதில் பெரிய குற்றமில்லை, ஆனால் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். 100 மி.மீ. நீளமுள்ள இரும்பு பீஸ் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 1.15 மைக்ரான் (ஒரு மைக்ரான் 0.001 மி.மீ.) நீளும். பித்தளை 1.9, அலுமினியம் 2.3, நைலான் 8 மைக்ரானுக்குக் குறையாது. மெஷினின் கண்ணாடி ஸ்கேலும் நீளும், சுமார் 0.8. அறை 30 டிகிரியில் இருந்து, மெஷினும் பீஸும் அதே சூட்டில் இருந்தால், இரும்பில் வரும் பிழை 3.5 மைக்ரான்தான். அலுமினியத்தில் அது 15 மைக்ரான் ஆகிவிடும். இரும்பு பீஸை வைத்து "எங்கள் அறைக்கு ஏ.சி. தேவையில்லை" என்று முடிவு கட்டிய இடத்தில் அலுமினிய வேலை வந்ததும் ரிஜெக்ஷன் வருவதற்குக் காரணம் இதுதான்.

அறையின் டிகிரியை விட, பீஸும் மெஷினும் ஒரே சூட்டில் இருப்பதுதான் முக்கியம். சி.என்.சி.யிலிருந்து கூலண்ட் சொட்டச் சொட்டக் கொண்டுவந்த பீஸை அப்படியே ஸ்டேஜில் வைக்கக் கூடாது. சின்ன பீஸாக இருந்தால் துடைத்து, கிரானைட் மேலோ ஒரு கனமான இரும்புத் தட்டின் மேலோ அரை மணி நேரம் விடுங்கள். கட்டியான பீஸுக்கு இரண்டு மூன்று மணி நேரம் வேண்டும். இரவில் ஏ.சி.யை நிறுத்திவிட்டுக் காலையில் போடும் பழக்கம் இருந்தால், முதல் இரண்டு மணி நேரம் எடுத்த அளவுகளை நம்ப வேண்டாம். காற்று சீக்கிரம் குளிரும், கிரானைட் குளிர வெகுநேரம் ஆகும்.

பெட்டியைப் பிரித்ததும்

ஸ்டேஜ் ஆடாமல் இருக்க எக்ஸ், ஒய் இரண்டு பக்கமும் லாக் பிளேட்டும் போல்ட்டும் போட்டு அனுப்புவார்கள், பெரும்பாலும் சிவப்பு பெயிண்ட் அடித்து. இசட் காலத்தில் (கேமராவைத் தாங்கும் செங்குத்துத் தூணில்) கேமரா கீழே விழாமல் ஒரு கிளாம்ப் இருக்கும். இவற்றைக் கழற்றாமல் ஹேண்டில் வீலைச் சுற்றினால் முதலில் போவது டிரைவ் ராடு. கழற்றிய லாக்குகளையும் போல்ட்டுகளையும் ஒரு கவரில் போட்டு மெஷினின் பின்பக்கமே கட்டித் தொங்கவிடுங்கள். நாளைக்கு மெஷினை அடுத்த அறைக்கு மாற்ற வேண்டி வந்தாலும் அவற்றைத் திரும்பப் போட்ட பிறகுதான் நகர்த்த வேண்டும். தூக்கும்போது பெல்ட்டைக் கிரானைட் அடிப்பகுதியில்தான் போட வேண்டும். ஸ்டேஜையோ காலத்தையோ பிடித்துத் தூக்கினால் ஒய் அச்சின் செங்கோணம் அன்றைக்கே போய்விடும்.

லெவல் பார்க்க, மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் ஸ்பிரிட் லெவல் வேண்டும். கொத்தனார் லெவல் இதற்கு உதவாது. ஸ்டேஜை நடுவில் நிறுத்தி, இரண்டு திசையிலும் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்து லாக் நட்டை இறுக்குங்கள். பிறகு ஸ்டேஜை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நகர்த்தி, கிரானைட் மேல் வைத்த லெவலின் குமிழியைப் பாருங்கள். அது நகர்ந்தால் மேசை வளைகிறது அல்லது ஒரு கால் தரையில் சரியாக உட்காரவில்லை.

மின்சாரத்தில் எர்த்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரிசெய்த பிறகே ஆன் செய்யுங்கள். கையால் ஓட்டும் மெஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் சேர்த்து 1 கே.வி.ஏ. ஆன்லைன் யு.பி.எஸ். போதும். வெல்டிங் மெஷினும் டிரைவ் போட்ட மோட்டாரும் இருக்கும் லைனிலிருந்து கனெக்ஷன் எடுக்க வேண்டாம். எடுத்தால் ஸ்டேஜ் நின்றுகொண்டிருக்கும்போதே ரீடிங் குதிக்கும்.

மெஷின் ஆன் ஆனதும் ஹோம் எடுக்கச் சொல்லும், அதாவது ஸ்டேஜை ஸ்கேலின் தொடக்கக் குறிக்குக் கொண்டுபோகச் சொல்லும். அவசரத்தில் இதைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். பல மெஷின்களில், கம்பெனியில் அளந்து ஏற்றிய பிழைத்திருத்தக் கணக்கு ஹோம் எடுத்த பிறகுதான் வேலை செய்யும். ஹோம் எடுக்காத மெஷின் சர்டிஃபிகேட்டில் உள்ள மெஷின் அல்ல.

ஸ்கேல் ஒழுங்காக எண்ணுகிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு விளிம்பை நடுக்கோட்டில் நிறுத்தி ஜீரோ செய்யுங்கள். ஸ்டேஜைக் கோடி வரை ஓட்டித் திரும்ப அதே விளிம்புக்கு, அதே திசையிலிருந்து வாருங்கள். பத்து முறை செய்யுங்கள். இரண்டு மூன்று மைக்ரானுக்குள் திரும்பி வந்தால் நல்லது. ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாக விலகிக்கொண்டே போனால் ஸ்கேலில் எண்ணெய்ப் படிவு, அல்லது ஸ்டேஜை அளவுக்கு மீறிய வேகத்தில் தள்ளி எண்ணிக்கையைத் தவறவிட்டிருக்கிறோம். முன்னும் பின்னுமாகச் சிதறினால் ரீடிங் ஹெட்டோ பீஸோ தளர்ந்திருக்கிறது.

ஜூமும் பிக்சலும்

இந்த மெஷின்களில் பெரும்பாலும் இருப்பது 0.7 முதல் 4.5 மடங்கு ஜூம் லென்ஸ். அரை இன்ச் சென்சாரும் ஒரு மடங்கு அடாப்டரும் இருந்தால், 0.7-இல் திரையில் தெரியும் அகலம் சுமார் 9 மி.மீ. 4.5-இல் 1.4 மி.மீ. குறுக்கே 1280 பிக்சல் என்றால் ஒரு பிக்சல் 0.7-இல் 7 மைக்ரான், 4.5-இல் 1.1 மைக்ரான். திரையில் நான்காவது தசமம் வரை எண் ஓடுவதால் அந்த நுட்பம் கிடைத்துவிட்டதாக நினைக்கக் கூடாது.

ஜூமை மாற்றினால் பிக்சலின் அளவு மாறும். கிளிக் நிறுத்தம் உள்ள ஜூமில், வேலைக்குப் பயன்படுத்தும் ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியாகப் பிக்சல் காலிபரேஷன் (ஒரு பிக்சல் எத்தனை மைக்ரான் என்று கணிப்பது) செய்து சேமிக்க வேண்டும். கண்ணாடியில் குரோம் வட்டம் பொறித்த பிளேட் மெஷினோடு வரும். திரையில் பாதிக்கு மேல் அடைக்கும் வட்டத்தைத் தேர்ந்தெடுத்து, நன்றாக ஃபோகஸ் செய்து, பிறகு காலிபரேட் செய்யுங்கள். நாம் ஜூமைத் திருப்பிவிட்டு மென்பொருளில் மடங்கை மாற்ற மறப்பதுதான் அன்றாடம் நடக்கும் தப்பு. சில மில்லிமீட்டர் துளை பாதியாகவோ இரட்டிப்பாகவோ வந்தால் உடனே தெரிந்துவிடும். அடுத்தடுத்த கிளிக்குகளுக்கு இடையே தவறினால்தான் ஆபத்து, எண் நம்பும்படியாக இருக்கும்.

பிக்சல் சரியா என்று சந்தேகம் வந்தால் ஒரே துளையை இரண்டு விதமாக அளந்து பாருங்கள். முதலில் முழுத் துளையும் ஒரே படத்தில் தெரியும்படி வைத்து விட்டம் எடுங்கள். அடுத்து ஸ்டேஜை நகர்த்தி, இடது விளிம்பு, வலது விளிம்பு, மேல், கீழ் என்று ஒவ்வொன்றையும் திரையின் நடுவுக்கே கொண்டுவந்து புள்ளி எடுங்கள். இரண்டாவது முறையில் பிக்சலுக்கு வேலையே இல்லை, ஸ்கேல்தான் அளக்கிறது. இரண்டும் பொருந்தவில்லை என்றால் பிக்சல் காலிபரேஷன் போய்விட்டது.

கேமரா சற்றே திரும்பி இருப்பதும் இப்படித்தான் ஒளிந்திருக்கும். ஒரு தூசிப் புள்ளியைத் திரையின் இடது ஓரத்தில் பிடித்து, எக்ஸ் வீலை மட்டும் சுற்றி வலது ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். புள்ளி கிடைக்கோட்டை விட்டு ஏறவோ இறங்கவோ கூடாது. 0.1 டிகிரி திரும்பியிருந்தாலே 9 மி.மீ. அகலத்தில் 15 மைக்ரான் பிழை ஒளிந்திருக்கும். கேமராவைப் பிடிக்கும் ஸ்குரூவைத் தளர்த்தித் திருப்பிச் சரிசெய்த பிறகு, எல்லா ஜூம் நிலைக்கும் பிக்சல் காலிபரேஷனை மறுபடி செய்ய வேண்டும்.

ஒரு பீஸை அளக்கும்போது நடுவில் ஜூம் மாற்றுவதைக் கூடியவரை தவிர்க்கவும். லென்ஸின் மையம் ஜூமோடு சேர்ந்து சில மைக்ரான் நகரும்.

வெளிச்சம்

கையில் ஒரு 5 மி.மீ. பின் கேஜும் (அளவு தெரிந்த உருளை) அதே அளவில் ஒரு ரிங் கேஜும் (அளவு தெரிந்த துளை உள்ள வளையம்) இருந்தால் இந்த மெஷினைப் பற்றி ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். பின்னைச் சின்ன வி-பிளாக்கில் (வி வடிவப் பள்ளம் உள்ள கட்டையில்) படுக்க வைத்து, பாட்டம் லைட்டில், அதாவது அடி வெளிச்சத்தில், அதன் அகலத்தை எடுங்கள். ரிங்கைக் கண்ணாடி மேல் வைத்து, மேல்பக்கச் சேம்ஃபரை (சாய்த்துச் சீவிய ஓரத்தை) தாண்டித் துளைச் சுவருக்கு ஃபோகஸ் செய்து துளையை எடுங்கள். வெளிச்சத்தை 20 சதவீதத்தில் ஆரம்பித்துப் பத்துப் பத்தாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் இரண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதுங்கள். குறைந்த வெளிச்சத்தில் எண்கள் அதிகம் அசையாது. ஒரு கட்டத்துக்கு மேல் ஏற ஏற, பின் மெலியும், ரிங் அகலும். இரும்பு அப்படியேதான் இருக்கிறது. வெள்ளை பொங்கி வழிந்து கறுப்பைத் தின்கிறது. இரண்டு எண்ணும் கேஜில் பொறித்த அளவுக்கு அருகில் இருக்கும் வெளிச்ச அளவுதான் அந்த ஜூமுக்கு உங்கள் வேலை வெளிச்சம். அதைக் குறித்துவையுங்கள். ஜூம் கூடினால் படம் இருளும், அதனால் ஒவ்வொரு ஜூமுக்கும் தனி எண் வேண்டும்.

மென்பொருளில் சாம்பல் அளவு காட்டும் வசதி இருந்தால் வேலை இன்னும் எளிது. கறுப்பு 0, வெள்ளை 255 என்ற கணக்கில், பின்னணி வெள்ளை 200 முதல் 220-க்குள் இருக்கட்டும். 255-ஐத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் எவ்வளவு பொங்குகிறது என்று தெரிந்துகொள்ள வழியில்லை. கேமராவின் ஆட்டோ எக்ஸ்போஷரை அணைத்துவிடுங்கள். அது ஆனில் இருந்தால் பீஸ் திரையை எவ்வளவு அடைக்கிறது என்பதைப் பொறுத்து வெளிச்சம் தானாக மாறும், நாம் குறித்து வைத்த எண்ணுக்கு அர்த்தம் இருக்காது.

முதலில் சொன்ன தகராறுக்கு வருவோம். வெளிச்சம் தவறினால் துளை பெரிதாகும், பின் சிறிதாகும். ஆனால் இரண்டு துளைகளின் மையத் தூரம் அசையாது, ஏனென்றால் துளை எல்லாப் பக்கமும் சமமாகத்தான் அகல்கிறது. டெர்மினல் ஸ்ட்ரிப்பில் பல்லுக்குப் பல் ஒரே பக்க விளிம்பை எடுக்கும் பிட்ச் அளவும் அசையாது. மையத் தூரம் நம்மிடமும் கஸ்டமரிடமும் பொருந்தி, விட்டம் மட்டும் பொருந்தவில்லை என்றால் அது வெளிச்சம். மையத் தூரமும் பொருந்தாமல், தூரம் கூடக் கூடப் பிழையும் கூடினால் அது ஸ்கேல் அல்லது சூடு. விட்டம், அகலம் போன்றவற்றில், அளவு சின்னதோ பெரியதோ ஒரே பிழை என்றால் மறுபடி வெளிச்சத்தையும் பிசிறையும் பாருங்கள்.

மேலிருந்து விழும் டாப் லைட் இன்னும் கஷ்டம். லென்ஸைச் சுற்றி வளையமாக இருக்கும் ரிங் லைட்டின் நான்கு பக்கமும் சமமாக எரிந்தால் பளபளப்பான சேம்ஃபர் வெள்ளையாக மின்னும், மெஷின் சேம்ஃபரின் உள்விளிம்பை விட்டு வெளிவிளிம்பைப் பிடித்துவிடக்கூடும். ஒரு பக்கத்தை மட்டும் எரியவிட்டால் நிழலே விளிம்பாகிவிடும். பாட்டம் லைட்டில் அளக்க முடிகிற எதையும் டாப் லைட்டில் அளக்காதீர்கள். குருட்டுத் துளை, பொறித்த எழுத்து, பி.சி.பி. பேட் (எலக்ட்ரானிக் போர்டின் சாலிடர் இடம்) போல வேறு வழியில்லாதவற்றுக்கு மட்டும் டாப் லைட். தட்டையான பளபளப்பான பரப்பென்றால், லென்ஸ் வழியே நேராக இறங்கும் கோஆக்ஸியல் லைட் ரிங் லைட்டை விடச் சுத்தமான விளிம்பு தரும்.

வளைவும் கோடும்

டிராயிங்கில் "ஆர் 10" (ஆரம் 10 மி.மீ.) என்று போட்டு, பீஸில் அந்த வளைவு 30 டிகிரி மட்டும் இருக்கும். ஆப்பரேட்டர் அளக்கிறார்: 10.04. மறுபடி அளக்கிறார்: 9.97. மெஷின் கெட்டுவிட்டது என்று சத்தம். கணக்குப் போட்டுப் பார்த்தால், 10 மி.மீ. ஆரத்தில் 30 டிகிரி வில்லின் நடு உயரம் 0.34 மி.மீ.தான். அந்த உயரத்தில் 2 மைக்ரான் தவறினால் ஆரத்தில் 57 மைக்ரான் தவறும். அதே வில் 90 டிகிரி இருந்தால் வெறும் 5 மைக்ரான். குட்டி வில்லுக்கு ஆரத்தை எண்ணாகக் கேட்பதே வீண். டிராயிங்கிலிருந்து சரியான வளைவை டி.எக்ஸ்.எஃப். (கம்ப்யூட்டர் வரைபட) கோப்பாக எடுத்துப் படத்தின் மேல் பொருத்தி, எல்லைக் கோடுகளுக்குள் விளிம்பு நிற்கிறதா என்று பார்ப்பதுதான் முறை. கஸ்டமரிடமும் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

டேட்டம் கோட்டிலும், அதாவது மற்ற அளவுகளுக்கு ஆதாரமாக எடுக்கும் கோட்டிலும், இதே சிக்கல் வரும். 2 மி.மீ. நீளமுள்ள விளிம்பை எடுத்து அதையே எக்ஸ் அச்சாக வைத்து, 100 மி.மீ. தள்ளி இருக்கும் துளையின் ஒய் அளவைக் கேட்டால், அந்தக் குட்டி விளிம்பில் 2 மைக்ரான் சாய்வு அங்கே 100 மைக்ரானாக நிற்கும். டேட்டமாக எடுப்பது பீஸின் மிக நீளமான விளிம்பாகவோ, ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கும் இரண்டு துளைகளாகவோ இருக்கட்டும். வட்டத்துக்கு மூன்று புள்ளி போதும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. சுற்றிலும் சமமாகப் பரவிய 12 புள்ளிக்குக் குறைய வேண்டாம். தூசி, பிசிறு இருக்கும் இடத்தில் விழுந்த புள்ளியை நீக்கும் ஃபில்டரைப் பயன்படுத்துங்கள், ஆனால் கண்மூடித்தனமாக அல்ல. நீக்கப்படும் புள்ளிகள் எப்போதும் ஒரே இடத்தில் விழுந்தால் அங்கே உண்மையிலேயே ஒரு குறை இருக்கிறது.

பீஸைப் பொறுத்து

தகட்டில் பஞ்ச் செய்த துளை இரு பக்கமும் ஒரே அளவில் இருக்காது. பஞ்ச் நுழையும் பக்கம் வழவழப்பாக, பஞ்சின் அளவிலேயே இருக்கும். டை பக்கம் உடைந்து விரியும். 1 மி.மீ. தகட்டுக்குப் பக்கத்துக்கு 6 சதவீதம் கிளியரன்ஸ் (பஞ்சுக்கும் டைக்கும் உள்ள இடைவெளி) என்றால் டை பக்கம் விட்டம் கிட்டத்தட்ட 0.12 மி.மீ. பெரிது. பாட்டம் லைட் குறுகலான பகுதியைத்தான் காட்டும், டாப் லைட் மேலே இருக்கும் விளிம்பைக் காட்டும். எந்தப் பக்கம் மேலே வைத்தோம் என்று ரிப்போர்ட்டில் எழுதாமல் விட்டால் பிறகு பேச்சுக்கு இடமே இல்லை. பிசிறு மேலே வரும்படி வைக்கவும். கீழே இருந்தால் பீஸ் கண்ணாடியில் தட்டையாக உட்காராது, கண்ணாடியும் கீறும்.

ஓ-ரிங்குக்கு (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையத்துக்கு) கை படவே கூடாது. கவ்வியால் எடுத்துக் கண்ணாடி மேல் விட்டு, தானாக அடங்கும்வரை காத்திருங்கள். ரிங் வட்டமாக இருக்காது. உள்விட்டம் 50 மி.மீ. ரிங் ஒரு பக்கம் 50.4, மறு பக்கம் 49.6 காட்டுவது சாதாரணம். மூன்று புள்ளியில் வட்டம் போட்டால் வைக்கும் நிலைக்கு ஒரு விட்டம் வரும். சுற்றளவை எடுத்து 3.1416-ஆல் வகுப்பதே நியாயமான உள்விட்டம். அந்த வசதி இல்லாத மென்பொருளில், சுற்றிலும் சமமாக 24 புள்ளி எடுத்து வட்டம் பொருத்தினால் அதற்கு அருகில் வரும். மோல்டின் பிரிகோடு உள்விட்டத்தின் நடுவில் ஓடினால் அங்கே நிற்கும் பிசிறும் நிழலில் சேர்ந்து உள்விட்டத்தைச் சிறிதாக்கும். மோல்டிலிருந்து எடுத்த அன்றே அளக்காமல், ரப்பர் சோதனைகளில் வழக்கமான 16 மணி நேர இடைவெளி விடுங்கள்.

டர்ன் செய்த பின்களை வி-பிளாக்கில் வைக்கும்போது அகலமான இடத்துக்கு, அதாவது அச்சின் உயரத்துக்கு ஃபோகஸ் செய்ய வேண்டும். உருளையின் பக்கவாட்டில் பட்டுச் சிதறும் ஒளி விளிம்பை மங்கலாக்கும். இணைகதிர் பாட்டம் லைட் இருந்தால் இந்தத் தொல்லை குறைவு. இல்லையென்றால் பாட்டம் லைட்டின் மேல் சின்னத் துளையிட்ட கறுப்பு அட்டையை வைத்து, பீஸுக்குத் தேவையான இடத்தில் மட்டும் ஒளி வரும்படி செய்யுங்கள். நல்ல பலன் தெரியும்.

மரையைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. எம்6, 1 மி.மீ. பிட்ச் மரை சுமார் 3.4 டிகிரி சாய்ந்து ஓடுகிறது. நேர் மேலிருந்து பார்க்கும் கேமராவுக்கு மரையின் ஒரு பக்கச் சரிவு இன்னொன்றை மறைக்கும். பிட்ச், வெளி விட்டம் எடுக்கலாம். பிட்ச் விட்டத்தை (மரையின் சரிவுகளில் நடுவே எடுக்கும் விட்டத்தை) இதில் எடுத்து ரிப்போர்ட் கொடுக்காதீர்கள். அதற்கு மூன்று கம்பி முறையும் மரை கேஜும் இருக்கின்றன.

உயரம்

ஃபோகஸை வைத்து உயரம் எடுக்கும் வசதி பல மெஷின்களில் உண்டு. 0.7 ஜூமில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஏற்றி இறக்கினாலும் படம் தெளிவாகவே இருக்கும், 4.5-இல் சுமார் 0.1 மி.மீ. வரை. அதனால் உயரத்தை எப்போதும் உச்ச ஜூமில், எப்போதும் கீழிருந்து மேலாக ஒரே திசையில் வந்து எடுக்க வேண்டும். அப்படிச் செய்தாலும் 10 மைக்ரானுக்கு உட்பட்ட டாலரன்ஸுக்கு (அனுமதிக்கும் அளவு வேறுபாட்டுக்கு) இது போதாது, டயல் கேஜை எடுங்கள். கண்ணாடி போல் மின்னும் பரப்பில் ஃபோகஸ் பிடிக்க எதுவும் இருக்காது. பர்மனென்ட் மார்க்கரில் மெல்லிய கோடு போட்டால் பிடிக்கும்.

படி வைத்த பீஸில் மேல் துளைக்கும் கீழ் துளைக்கும் மையம் ஒன்றா என்று பார்க்கும்போது மெஷினின் காலம் (தூண்) சாய்ந்திருந்தால் பொய் விலகல் வரும். பீஸை 180 டிகிரி திருப்பி வைத்து மறுபடி அளங்கள். விலகலும் பீஸோடு சேர்ந்து திரும்பினால் குறை பீஸில். திரும்பாமல் அதே திசையில் நின்றால் குறை மெஷினில். இரண்டின் சராசரியை எடுத்தால் மெஷினின் பங்கு போய்விடும்.

பீஸை உயரமான ஃபிக்சரில் தூக்கி வைப்பதும் இலவசமல்ல. ஸ்கேல் கீழே இருக்கிறது. அதற்கு மேல் 50 மி.மீ. உயரத்தில் அளந்தால், ஸ்டேஜ் ஓடும்போது 10 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு ஒரு ஆர்க் செகண்ட்) சாய்ந்தாலும் 2.4 மைக்ரான் சேரும். ஃபிக்சர் குட்டையாக இருக்கட்டும்.

அன்றாடக் கவனம்

காலையில் மெஷினையும் லைட்டையும் ஆன் செய்து அரை மணி நேரம் விடுங்கள். அதன்பின் ஒரே பின் கேஜ், ஒரே ரிங் கேஜ், கண்ணாடி ஸ்கேலில் ஒரே 100 மி.மீ. தூரம் ஆகியவற்றை அளந்து கிராஃபில் புள்ளி வையுங்கள். ஐந்து நிமிட வேலை. மெஷினின் துல்லியம் "3 + நீளம் ÷ 200 மைக்ரான்" என்று போட்டிருந்தால் 100 மி.மீ.க்கு 3.5 மைக்ரான். டிராயிங்கில் ±0.02 என்றால் மொத்த டாலரன்ஸ் 40 மைக்ரான், மெஷினின் பிழைக்கு அதில் பத்தில் ஒரு பங்கை, அதாவது 4 மைக்ரானை, ஒதுக்கலாம். ஆக இந்த மெஷினுக்கு ±0.02 வரை நிம்மதியாக வேலை கொடுக்கலாம். ±0.005 கேட்கும் வேலையை ஒப்புக்கொள்ளும் முன் யோசியுங்கள்.

ஜி.ஆர்.ஆர். ஆய்வு (திரும்பத் திரும்ப, வேறு வேறு ஆட்கள் அளந்தால் எண் எவ்வளவு சிதறுகிறது என்று பார்ப்பது) எடுக்கும்போது 10 பீஸ், 3 ஆப்பரேட்டர், 3 முறை என்று 90 ரீடிங். பீஸை ஸ்டேஜிலேயே விட்டுவிட்டு மூன்று முறை பட்டனைத் தட்டினால் எல்லாம் அழகாக 3 சதவீதம் வரும். அது ஆய்வல்ல. ஒவ்வொரு முறையும் பீஸை எடுத்து, திரும்ப வைத்து, ஃபோகஸும் வெளிச்சமும் புதிதாகப் போட்டு எடுக்க வேண்டும். 10 சதவீதத்துக்குள் வந்தால் நல்லது, 30-ஐத் தாண்டினால் முறையையே மாற்ற வேண்டும். வருடாந்திர காலிபரேஷனை என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற லேபில் செய்யுங்கள். எந்த ஜூமில், எந்த லைட்டில் பார்த்தார்கள் என்று சர்டிஃபிகேட்டில் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

கண்ணாடியைப் பஞ்சு உதிராத துணியில் ஐசோபுரப்பைல் ஆல்கஹால் நனைத்துத் துடைக்கவும். தின்னர் வேண்டாம், நேராக ஸ்ப்ரே அடிக்கவும் வேண்டாம். ஓரத்தில் இறங்கி பாட்டம் லைட்டுக்குள் போய்விடும். மழைக்காலத்தில் ஏ.சி. நிறுத்திய அறையில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். வேலை முடிந்ததும் கவர் போட்டு, உள்ளே சிலிக்கா ஜெல் பை ஒன்று வையுங்கள், நிறம் மாறியதும் மாற்றுங்கள்.

ரிப்போர்ட்டின் அடியில் நான்கு விஷயத்தை எழுதும் பழக்கம் வேண்டும்: ஜூம், எந்த லைட் எத்தனை சதவீதம், எந்தப் பக்கம் மேலே, அறை எத்தனை டிகிரி. கஸ்டமரிடமிருந்து "துளை பெரிதாக இருக்கிறது" என்று ஃபோன் வரும்போது, பீஸோடு நம் பின் கேஜையும் ரிங் கேஜையும் அவற்றின் சர்டிஃபிகேட்டோடு பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். அவர்கள் மெஷினில், அவர்கள் போட்டிருக்கும் அதே வெளிச்சத்தில், முதலில் ரிங்கை அளக்கச் சொல்லுங்கள். 5.000 ரிங் 5.015 என்று காட்டினால், பீஸை வெளியே எடுக்கும் முன்பே பேச்சு விலையிலிருந்து வெளிச்சத்துக்கு மாறிவிடும். 5.000 என்றே காட்டினால் நம் மெஷினின் வெளிச்சத்தைத்தான் வந்து பார்க்க வேண்டும், அதுவரை அந்த லாட்டை அனுப்பக் கூடாது.